புல்வெளித் தெளிப்பான் தேர்வு: வீச்செல்லையிலிருந்து பொழிவு வீதத்திற்கு – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

வீட்டுத் தோட்டத்திற்குத் தெளிப்பான் தேர்ந்தெடுப்பது இன்று கடையில் முடிவு செய்யப்படும் சிறு செயலாகத் தோன்றுகிறது. ஆயினும் அத்தேர்வுக்குப் பின்னால் ஏறத்தாழ 150 ஆண்டுக்கால வரலாறு உள்ளது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில், சிறப்பாகத் தெற்குக் கலிபோர்னியாவில், தெளிப்பானைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல் எவ்வாறு மாறியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. நீர் எவ்வளவு தொலைவு செல்கிறது என்பதே தொடக்கத்தில் அளவுகோலாக இருந்தது. எவ்வளவு சீராக விழுகிறது, மண் ஏற்கும் வேகத்தில் விழுகிறதா என்னும் வினாக்கள் பின்னர் எழுந்தன. சீர்மையை அளக்கும் முறை 1942இலேயே வெளியிடப்பட்டிருந்தும், அது வீட்டுத் தோட்டத்திற்குரிய சட்ட விதியாக மாற அரை நூற்றாண்டு ஆயிற்று. அம்மாற்றத்தைக் கொணர்ந்தவற்றுள் புதிய கண்டுபிடிப்பைவிட நீர்ப் பற்றாக்குறையும் சட்டமுமே முதன்மையானவை என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: தெளிப்பான், புல்வெளி, சீர்மைக் கெழு, பொழிவு வீதம், ஊடுருவல் வீதம், கலிபோர்னியா, நீர்ச் சிக்கனம்.

1. முன்னுரை

தமிழரின் பழைய பாசனக் கருவிகள் பெரும்பாலும் நீரை உயர்த்தும் கருவிகளாகும். சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதை ஆம்பி, கிழார், ஏற்றம் ஆகியவற்றைக் குறிப்பிடுகிறது. பின்னாளில் வழங்கிய கவலையும் இவ்வகையினதே. தாழ்விடத்து நீரை மேட்டுக்குக் கொணர்ந்து வாய்க்காலில் விட்டுவிட்டால் இக்கருவிகளின் பணி முடிந்தது. அதன்பின் நீரை நிலமெங்கும் பரப்பியது நிலத்தின் சரிவும் மண்வெட்டி பிடித்தவரின் கையுமே. நீரைத் துளிகளாக்கி மேலிருந்து தூவ வேண்டிய சிறு நாற்றுகளுக்குப் பூவாளி பயன்பட்டது.

தெளிப்பான் இம்மரபிலிருந்து வேறுபட்டது. அது நீரை உயர்த்துவதில்லை. முன்னரே அழுத்தத்துடன் வரும் நீரைச் சிதறடித்துப் பரப்புகிறது. எனவே, அழுத்தநீர்க் குழாய் வீட்டு வாசலுக்கு வந்த பிறகே தெளிப்பான் தோன்ற இயலும். பரப்பும் பணியை மனிதக் கையிலிருந்து பொறிக்கு மாற்றியபோது, எங்கு எவ்வளவு நீர் விழுகிறது என்று பார்த்துத் திருத்தும் கண்ணும் உடன் நீங்கிற்று. அவ்விழப்பை ஈடுசெய்யும் முயற்சிகளின் தொடராகவே தெளிப்பான் வரலாற்றைக் காண முடியும். ஒவ்வொரு காலத்திலும் 'நல்ல தெளிப்பான்' என்பதன் பொருள் யாது என்னும் வினாவை முன்வைத்து இக்கட்டுரை அமைகிறது.

2. அழுத்தநீரும் புல்வெளியும்

தெளிப்பானுக்கு முன்நிபந்தனையாக மூன்று வளர்ச்சிகள் அமைந்தன. முதலாவது, புல்வெளியைச் சாதாரணக் குடும்பமும் பேணக்கூடிய நிலை. இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியைச் சேர்ந்த எட்வின் பட்டிங் 1830இல் புல்வெட்டும் பொறியை உருவாக்கினார். அதற்கு முன் அரிவாள் பிடிக்கும் கூலியாட்களை அமர்த்தக்கூடிய செல்வர்க்கே சீரான புல்வெளி வாய்த்தது.

இரண்டாவது, நகர நீர் வழங்கல். நியூயார்க் நகரத்திற்கு குரோட்டன் கால்வாய் வழியாக நீர் வரத் தொடங்கியது 1842இல். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் பிற அமெரிக்க நகரங்களும் அழுத்தநீர்க் குழாய்களை அமைத்தன. மூன்றாவது, வளையும் குழாய். சார்லஸ் குட்இயர் 1844இல் காப்புரிமை பெற்ற கந்தகமூட்டல் முறை இரப்பரை வெப்பத்திலும் குளிரிலும் நிலைக்கச் செய்தது. அதன் பயனாக இரப்பர்க் குழாய் முதலில் தீயணைப்புத் துறைக்கும் பின்னர்த் தோட்டத்திற்கும் வந்தது. லூமியேர் சகோதரர்கள் 1895இல் எடுத்த சிறு நகைச்சுவைத் திரைப்படமொன்று, தோட்டக்காரர் கையிலுள்ள நீர்க்குழாயை ஒரு சிறுவன் மிதித்து விளையாடுவதையே பொருளாகக் கொண்டது. பார்வையாளர்க்கு விளக்கம் தேவையில்லாத அளவிற்கு அக்குழாய் அன்று பழகிய பொருளாகியிருந்தது என்பதற்கு அப்படம் ஒரு சான்றாகும்.

இவற்றோடு ஒரு பண்பாட்டுக் காரணமும் சேர்ந்தது. ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட் 1869இல் சிகாகோ அருகே வடிவமைத்த ரிவர்சைடு புறநகரில், ஒவ்வொரு வீடும் தெருவிலிருந்து 30 அடி உள்வாங்கிக் கட்டப்பட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஃபிராங்க் ஜே. ஸ்காட் வெளியிட்ட புறநகர்த் தோட்டக்கலை நூல், வேலியற்ற முன்புறப் புல்வெளியை நல்ல குடியிருப்பின் அடையாளமாக உயர்த்திப் பேசியது. இவ்வாறு வீட்டின் முன்னுள்ள புல்தரை அண்டை வீட்டார் பார்வைக்குரியதாயிற்று. கோடையில் அது பழுப்பாவது குடும்பத்தின் கௌரவத்தைத் தொடும் செய்தியாகவும் ஆயிற்று.

3. வீச்செல்லையே அளவுகோலான காலம்

நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரைச் சேர்ந்த ஜோசப் லெஸ்லர் 1871இல் புல்வெளித் தெளிப்பானுக்குக் காப்புரிமை பெற்றார். இத்துறையின் முதற் காப்புரிமைகளுள் அதுவும் ஒன்றாகும். அக்காலத் தெளிப்பான்கள் இரு வகையின. ஒன்று, துளைகள் வழியே நீரைப் பீய்ச்சும் அசையாத் தலை. மற்றது, நீர் வெளியேறும் எதிர்விசையால் தானே சுழலும் கைகளையுடையது. இரண்டும் இரப்பர்க் குழாயின் முனையில் பொருத்தப்பட்டு, இடம் மாற்றி மாற்றி வைக்கப்பட்டன. தோட்டக்காரர் கையில் குழாய் பிடித்து நிற்கும் வேலையைக் குறைத்தமையே இவற்றின் சிறப்பு. ஆதலின், ஒருமுறை வைத்தால் எவ்வளவு பரப்பை நனைக்கும் என்பதே வாங்குவோரின் இயல்பான வினாவாயிற்று.

இவ்வளவுகோலின்படி, வேகமாகச் சுழலும் தெளிப்பானுக்கு ஒரு குறை இருந்தது. தாரை நேராகச் செல்லும்போது அடையும் தொலைவை, விரைந்து சுழலும்போது அடைவதில்லை. நீர்த்தாரை வளைந்து சிதறி அருகிலேயே விழுந்துவிடும். இக்குறையை நீக்கியவர் பொறியாளர் அல்லர். தெற்குக் கலிபோர்னியாவின் கிளெண்டோராவில் ஆரஞ்சு வகைப் பழத்தோட்டம் வைத்திருந்த ஆர்ட்டன் எங்கல்ஹார்ட் என்னும் விவசாயி ஆவார். அவர் 1933இல் உருவாக்கிய மோதல் தெளிப்பானில், வெளியேறும் தாரையின் குறுக்கே சுருள்வில் பொருத்திய ஒரு கை நிற்கிறது. தாரை அக்கையை ஒருபுறம் தள்ளுகிறது. சுருள்வில் அதை மீண்டும் இழுக்கிறது. திரும்பி வரும் கை தெளிப்பானின் உடலில் மோதும்போது தலை சிறிதளவே திரும்புகிறது. இவ்வாறு மெல்ல மெல்லத் திரும்புவதால் தாரை தன் முழுத் தொலைவையும் எட்டுகிறது. கை இடையிடையே தாரையை உடைப்பதால் அருகிலுள்ள நிலமும் நனைகிறது.

எங்கல்ஹார்ட் 1935இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அண்டையில் வாழ்ந்த கிளெம் லா ஃபெட்ரா, மேரி லா ஃபெட்ரா இணையர் இதன் உற்பத்தியை மேற்கொண்டு ரெயின் பேர்ட் நிறுவனத்தை நிறுவினர். இங்கு ஒன்று நோக்கத்தக்கது. புல்வெளியில் இன்றும் 'டக் டக்' என்று ஒலிக்கும் இக்கருவி வீட்டுத் தோட்டத்திற்காகப் பிறந்ததன்று. பழத்தோட்டத்தின் தேவையிலிருந்து பிறந்தது. வேளாண்மையில் உருவாகிய அறிவு வீட்டுத் தோட்டத்திற்கு வந்து சேர்வது இவ்வரலாற்றில் மீண்டும் மீண்டும் நிகழ்கிறது. கருவி விரைவாக வந்தது. அதை மதிப்பிடும் அறிவு தாமதமாக வந்தது என்பதை அடுத்த பகுதி காட்டும்.

4. சீர்மையை அளத்தல்

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜே. இ. கிறிஸ்டியன்சன் தெளிப்புப் பாசனம் பற்றி 1942இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார். அப்பல்கலைக்கழக வேளாண் ஆய்வு நிலையத்தின் 670ஆவது வெளியீடாக அது வந்தது. அவர் பின்பற்றிய முறை மிக எளியது. தெளிப்பான் நனைக்கும் பரப்பில் ஒரே அளவுள்ள பாத்திரங்களைச் சம இடைவெளியில் வைத்து, குறித்த நேரம் நீர்விட்டு, ஒவ்வொன்றிலும் சேர்ந்த நீரை அளப்பதே அம்முறை. ஒவ்வோர் அளவும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று கணக்கிட்டு, அவ்விலக்கங்களின் மொத்தத்தைச் சேர்ந்த நீரின் மொத்தத்தால் வகுத்து, அதை ஒன்றிலிருந்து கழித்தால் கிடைப்பது சீர்மைக் கெழு. இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். முதல் தெளிப்பானின்கீழ் வைத்த 4 பாத்திரங்களில் 12, 8, 10, 10 மி.மீ. நீரும், இரண்டாவதன்கீழ் 16, 4, 10, 10 மி.மீ. நீரும் சேர்ந்தன என்று கொள்வோம். இரண்டிலும் சராசரி 10 மி.மீ.தான். விலக்கங்களின் மொத்தம் முதலதில் 4, இரண்டாவதில் 12. எனவே, சீர்மைக் கெழு முறையே 90, 70 விழுக்காடு ஆகும். வீச்செல்லை அளவுகோலில் இரண்டும் ஒன்றே. தோட்டத்தில் ஒன்றாக இரா. மிகக் குறைவாக நீர் பெறும் இடத்திற்கும் 10 மி.மீ. கிடைக்க வேண்டுமாயின், முதலாவதைக் கொண்டு சராசரியாக 12.5 மி.மீ. பாய்ச்சினால் போதும். இரண்டாவதைக் கொண்டு 25 மி.மீ. பாய்ச்ச வேண்டும். சீரற்ற தெளிப்பானின் விலையை நீர்க் கட்டணத்தில் செலுத்த நேர்கிறது என்பதே இதன் பொருள்.

வீட்டுக்காரர் நடைமுறையில் செய்வதும் இதுவே. புல்தரையில் ஓரிடம் பழுத்தால் அவர் தெளிப்பானை ஆராய்வதில்லை. ஓடும் நேரத்தைக் கூட்டுகிறார். பழுத்த இடம் பச்சையாகும்போது மற்ற இடங்களில் நீர் வேர்மட்டத்தைக் கடந்து வீணாகிறது. பச்சை நிறம் மட்டுமே வெற்றிக்கு அடையாளமாக இருக்கும்வரை இவ்வீண் கண்ணுக்குத் தெரியாது. பாத்திரங்களை வைத்து அளக்கும் முறை அதைக் கண்ணுக்குக் காட்டியது.

5. மண்ணில் புதைந்த கருவி

இரண்டாம் உலகப் போருக்குப் பின் புறநகர்க் குடியிருப்புகள் பெருகின. 1947இல் தொடங்கிய லெவிட்டவுன் போன்றவற்றில் புல்வெளியைப் பேணுவது குடியிருப்போரின் கடமையாகவே எழுதி வைக்கப்பட்டது. இதே காலத்தில் பி.வி.சி. குழாய் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது. குழாயைத் தரைக்கடியில் புதைத்து, நீர் வரும்போது மட்டும் தலை மேலெழுந்து தெளித்துப் பின் உள்ளடங்கும் கருவிகள் பரவின. நேரக் கட்டுப்பாட்டுக் கருவி குறித்த வேளையில் வால்வைத் திறந்து மூடியது. எட்வின் ஹண்டர் கலிபோர்னியாவின் ரிவர்சைடு நகரில் நடத்திய நிறுவனத்தை டோரோ நிறுவனம் 1962இல் வாங்கியது. ஹண்டர் 1981இல் மீண்டும் தொழில் தொடங்கிப் பற்சக்கரங்களால் சுழலும் தெளிப்பானைப் பரவலாக்கினார். மோதல் தெளிப்பானின் ஓசையும் வெளியே தெரியும் உறுப்புகளும் இல்லாத இக்கருவி வீட்டுப் புல்வெளிக்கு ஏற்றதாயிற்று.

இம்மாற்றம் தேர்வின் தன்மையையே மாற்றியது. குழாய் முனையில் வைத்த தெளிப்பான் பொருந்தாவிடில் இடம் மாற்றலாம், வேறொன்று வாங்கலாம். புதைத்த தெளிப்பானின் இடைவெளியும் குழாயின் விட்டமும் தொடக்கத்திலேயே முடிவாகிவிடுகின்றன. அப்பிழை புல்வெளி உள்ளவரை நீடிக்கும். மேலும், தெளிப்பு விடியற்காலையில் தானே நடந்து முடிவதால், உடைந்த தலையையோ சாலையில் ஓடும் நீரையோ வீட்டார் காண்பதில்லை. முன்னுரையில் சுட்டிய 'பார்த்துத் திருத்தும் கண்' இக்கட்டத்தில் முழுமையாக அகன்றது எனலாம்.

புதைத்த அமைப்புக்காக இரு விதிகள் உருவாயின. முதலாவது, ஒரு தலையின் தாரை அடுத்த தலையின் அடிவரை எட்ட வேண்டும் என்பது. ஒரு தெளிப்பான் தனித்து எங்கும் சீராக நனைப்பதில்லை. அண்டைத் தலைகளின் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போதே சீர்மை பிறக்கிறது. இரண்டாவது, ஒரே வால்வில் இயங்கும் தலைகளின் பொழிவு வீதம் ஒத்திருக்க வேண்டும் என்பது. முழு வட்டம் நனைக்கும் தலை நிமிடத்திற்கு 14 லிட்டர் விட்டால், மூலையில் கால் வட்டம் நனைக்கும் தலை 3.5 லிட்டரே விட வேண்டும். எல்லாத் தலைகளிலும் ஒரே நாசில் பொருத்தினால், மூலையில் நான்கு மடங்கு நீர் தேங்கும்.

6. பொழிவு வீதமும் மண்ணும்

நீர் சீராக விழுந்தாலும் மண் அதை ஏற்குமா என்பது அடுத்த வினா. இதற்கு உதவுவது பொழிவு வீதம் என்னும் அளவு. மணிக்கு விடும் லிட்டரை, நனையும் சதுர மீட்டரால் வகுத்தால் மணிக்கு இத்தனை மி.மீ. என்று அது கிடைக்கும். ஏறத்தாழ 4.5 மீட்டர் இடைவெளியில் சதுரமாக அமைத்த நிலைத் தெளிப்பான்களுள், முழு வட்டத் தலை மணிக்கு 840 லிட்டர் விடுகிறது எனில், அதன் பங்கிற்கு வரும் பரப்பு சுமார் 20 சதுர மீட்டர். ஆகவே, பொழிவு வீதம் மணிக்கு 40 மி.மீ.யைத் தொடுகிறது. இது கனமழைக்கு நிகரானது.

மண்ணின் ஊடுருவல் வீதத்தோடு இதனை ஒப்பிட வேண்டும். ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை அமைப்பின் பாசனப் பயிற்சி ஏடுகள் தரும் அளவுகளின்படி, நிலைத்த ஊடுருவல் வீதம் மணலில் மணிக்கு 30 மி.மீ.க்கு மேலும், இருமண்பாட்டில் 10 முதல் 20 மி.மீ. வரையிலும், களிமண்ணில் 1 முதல் 5 மி.மீ. வரையிலும் அமைகிறது. எனவே, நிலைத் தெளிப்பான் மணல் தவிர்த்த மண்வகைகளில் சில நிமிடங்களுக்கு மேல் ஓடினால், நீர் வழிந்தோடுவது தவிர்க்க இயலாதது. இங்கு கருவியில் பழுதில்லை. கருவிக்கும் மண்ணுக்கும் பொருத்தமில்லை.

இப்பொருத்தமின்மைக்கு இரு தீர்வுகள் கண்டறியப்பட்டன. ஒன்று, நீர்விடும் நேரத்தைச் சிறு கூறுகளாக்கி, இடையில் மண் உறிஞ்ச அவகாசம் தருவது. மற்றது, பல மெல்லிய தாரைகளை மெதுவாகச் சுழற்றும் தூவுமுனை. இதன் பொழிவு வீதம் மணிக்கு 10 மி.மீ. அளவினது. நிலைத் தெளிப்பான் 10 நிமிடத்தில் தரும் நீரைத் தர இதற்கு 40 நிமிடம் ஆகும். விரைவே சிறப்பு என்று கருதிய காலத்தில் இது குறையாகத் தோன்றியிருக்கும். மண்ணை அளவுகோலாகக் கொண்டபோது, மெதுவாக விழுவதே அதன் சிறப்பாயிற்று. வீச்செல்லையில் தொடங்கிய மதிப்பீடு ஏறத்தாழத் தலைகீழானது இவ்விடத்திலேயே.

அழுத்தமும் இக்கணக்கில் அடங்கும். தூவுமுனை விடும் நீரின் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்திற்கு ஏற்ப மாறுகிறது. 2 பார் அழுத்தத்திற்கு வடிவமைத்த முனையில் 4 பார் அழுத்தம் வந்தால் 41 விழுக்காடு கூடுதல் நீர் வெளியேறும். துளிகள் நுண்ணியவாகிப் பனிபோல் காற்றில் அடித்துச் செல்லப்படும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2006இல் தொடங்கிய வாட்டர்சென்ஸ் திட்டம், அழுத்தத்தைத் தானே சீராக்கும் தெளிப்பான் உடலுக்கு 2017இல் தர முத்திரை வழங்கத் தொடங்கியதன் காரணம் இதுவே.

7. வறட்சியும் சட்டமும்

சீர்மையை அளக்கும் முறை 1942 முதல் இருந்தும், அது வீட்டுத் தோட்டத்தைக் கட்டுப்படுத்தும் விதியாவதற்கு ஏன் இத்தனை ஆண்டுகள் ஆயின? தெற்குக் கலிபோர்னியாவின் நீர் வரலாறு இதற்கு விடை தருகிறது. 1913இல் லாஸ் ஏஞ்சலஸ் கால்வாய் திறக்கப்பட்டு ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் நீர் நகருக்கு வந்தது. அதன் விளைவாக ஓவன்ஸ் ஏரி 1920களில் வறண்டது. 1941இல் கொலராடோ ஆற்று நீரும், மோனோ ஏரிக்குச் செல்லும் ஓடைகளின் நீரும் தெற்கு நோக்கித் திருப்பப்பட்டன. தொலைவிலிருந்து புதிய நீர் வந்துகொண்டிருந்தவரை, தோட்டத்தில் வீணாகும் நீரை யாரும் கணக்கிட வேண்டியிருக்கவில்லை.

1980களில் நிலை மாறியது. மோனோ ஏரி வழக்கில் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் 1983இல் அளித்த தீர்ப்பு, நகரின் நீருரிமையும் பொது நலனுக்கு உட்பட்டதே என்று நிறுவியது. 1994இல் அவ்வேரியின் நீர்மட்டத்தை உயர்த்தும் ஆணை பிறந்தது. இடையில் 1987 முதல் 1992 வரை கடும் வறட்சி நீடித்தது. அவ்வறட்சியின் நடுவே, 1990இல் நிலத்தோற்ற நீர்ச் சிக்கனச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி உருவான மாதிரி விதித்தொகுப்பு 1993இல் நடைமுறைக்கு வந்தது.

இவ்விதித்தொகுப்பின் அடிப்படை எளியது. தோட்டம் அமையும் இடத்தின் ஆவியாதல்–நீராவிப்போக்கு அளவை எடுத்து, அதில் ஒரு பங்கையே தோட்டத்தின் உச்ச நீர் ஒதுக்கீடாக வைப்பது. 1982இல் தொடங்கிய மாநிலப் பாசன வானிலைத் தகவல் அமைப்பு அவ்வளவைத் தந்துவந்தது. அப்பங்கு 1993இல் 0.8 ஆகவும், 2010இல் 0.7 ஆகவும், 2015இல் வீட்டுத் தோட்டங்களுக்கு 0.55 ஆகவும் இறங்கியது. பாசனத் திறன் குறித்த எதிர்பார்ப்போ 0.625, 0.71 என்று உயர்ந்து, 2015இல் தெளிப்பானுக்கு 0.75, சொட்டு நீருக்கு 0.81 என வகுக்கப்பட்டது. 25 விழுக்காட்டுக்கு மேற்பட்ட சரிவில் மணிக்கு 0.75 அங்குலத்தைவிட மிகுந்த பொழிவு வீதம் கூடாது. நீர் புகாத தளத்திலிருந்து 24 அங்குலத்திற்குள் மேல்தெளிப்புக் கூடாது என்றும் விதிகள் எழுந்தன. கிறிஸ்டியன்சனின் பாத்திரங்கள் காட்டிய உண்மை இவ்வாறு சட்ட எண்களாக வடிவெடுத்தது.

8. தெளிப்பானுக்கு முந்தைய தேர்வு

2015 ஏப்ரல் 1 அன்று கலிபோர்னிய ஆளுநர் பிறப்பித்த ஆணை, நகர நீர்ப் பயன்பாட்டை 25 விழுக்காடு குறைக்கவும், 5 கோடி சதுர அடிப் புல்வெளியை வறட்சி தாங்கும் செடிகளாக மாற்றவும் பணித்தது. இவ்வழியில் அண்டை மாநிலமான நெவாடா முன்சென்றிருந்தது. தெற்கு நெவாடா நீர் ஆணையம் லாஸ் வேகஸ் பகுதியில் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வின்படி, புல்தரை சதுர அடிக்கு ஆண்டுக்கு 73 கேலன் நீரும், வறள்நிலத் தாவரத் தோட்டம் 17.2 கேலன் நீரும் கொண்டன. அதாவது, செடியை மாற்றினால் நான்கில் மூன்று பங்குக்கு மேல் நீர் மிஞ்சுகிறது. எந்தத் தெளிப்பானை மாற்றினாலும் இவ்வளவு மிச்சம் கிட்டாது.

எனவே, தெளிப்பான் தேர்வின் வரலாறு ஒரு கட்டத்தில் தெளிப்பான் தேவையா என்னும் வினாவில் வந்து நிற்கிறது. ஆயினும் இவ்வினா முந்தைய அளவுகோல்களைப் பொருளற்றவையாக்கவில்லை. குழந்தைகள் விளையாடும் புல்தரையும் நெருங்கி நட்ட தரைமூடிச் செடிகளும் மேல்தெளிப்பையே வேண்டுவன. அங்கே சீர்மையும் பொழிவு வீதமும் முன்னைவிட இன்றியமையாதவை. தனித்து நிற்கும் செடிக்கும் மரத்திற்கும் சொட்டு நீரே போதும்.

9. தமிழ்நாட்டுச் சூழலில் இவ்வரலாற்றின் பயன்

தமிழ்நாட்டு வேளாண்மையில் சொட்டுநீர், தெளிப்புநீர்ப் பாசனம் அரசு மானியத்தால் பரவியுள்ளது. சிறு, குறு விவசாயிகளுக்கு 100 விழுக்காடும் ஏனையோருக்கு 75 விழுக்காடும் மானியம் வழங்கப்படுகிறது. வீட்டுத் தோட்டத்திலும் தெளிப்பான்கள் விற்பனைக்கு வருகின்றன. இவற்றுள் பலவற்றின் வடிவமைப்பு மேலே கண்ட அமெரிக்க வரலாற்றின் விளைபொருளாகும். அவ்வரலாறு முன்கொண்ட நிபந்தனைகள் இங்கு உள்ளனவா என்று பார்ப்பது பொருத்தமாகும்.

முதல் நிபந்தனை அழுத்தம். தரையிலிருந்து எழும் நிலைத் தெளிப்பான் ஏறத்தாழ 2.1 பார் அழுத்தத்திற்கு வடிவமைக்கப்படுகிறது. அது 21 மீட்டர் உயர நீர்மட்டத்திற்கு நிகர். ஒரு மாடி வீட்டின் மொட்டைமாடித் தொட்டி தரையிலிருந்து சுமார் 7 மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது 0.7 பார் மட்டுமே. அவ்வழுத்தத்தில் முனை தன் அளவில் 58 விழுக்காடு நீரையே விடும். தாரை துளியாக உடையாது குறுகிய தொலைவில் வளையமாக விழும். நடுவும் வெளியும் காயும். அங்கே நேரத்தைக் கூட்டுவது பயன் தராது. அழுத்தம் ஏற்றும் மோட்டார் வைக்க வேண்டும். அன்றேல் குறைந்த அழுத்தத்தில் இயங்கும் சொட்டுக் குழாயைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டாவது நீரின் தன்மை. உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரை இலைமேல் தெளித்தால், நீர் ஆவியானபின் உப்பு இலையில் தங்கி விளிம்பைக் கருக்கும், முனைகளும் அடைபடும். மூன்றாவது மண். கரிசல் போன்ற களிமண் நிலத்தில் மணிக்கு 40 மி.மீ. பொழியும் தெளிப்பான் முற்றத்தை வெள்ளக்காடாக்கும். நான்காவது மழைப் பருவம். ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியை வடகிழக்குப் பருவத்தில் பெறும் நிலத்தில், கோடைக்கென நிரல்செய்த நேரக் கட்டுப்பாட்டுக் கருவி ஐப்பசியிலும் அவ்வாறே ஓடினால், அதைவிட வீண் வேறில்லை.

இவற்றைச் சோதிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரே அளவுள்ள சில டப்பாக்களும் ஓர் அளவுகோலும் ஒரு கடிகாரமும் போதும். வாங்கிய தெளிப்பானைப் புதைக்கும் முன், வீட்டுக் குழாயில் பொருத்தி 15 நிமிடம் ஓடவிட்டு, டப்பாக்களில் சேர்ந்ததை அளந்தால் சீர்மையும் பொழிவு வீதமும் ஒருங்கே தெரியவரும்.

10. முடிவுரை

தெளிப்பானின் வரலாற்றில் மூன்று அளவுகோல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. 1871 முதல் மோதல் தெளிப்பானின் காலம் வரை வீச்செல்லை முதன்மை பெற்றது. 1942இல் சீர்மை எண்ணாக வரையறுக்கப்பட்டது. புதைகுழாய் அமைப்புகளின் பெருக்கத்திற்குப் பின் மண்ணோடு ஒப்பிடும் பொழிவு வீதம் கவனம் பெற்றது. இவற்றுள் பிந்தைய இரண்டும் வீட்டுத் தோட்டத்தில் கட்டாய விதிகளாக வேரூன்றியது, தொலைவிலிருந்து நீர் கொணரும் வழி அடைபட்டு, வறட்சி சட்டத்தைத் தோற்றுவித்த பிறகே. அறிவு இருப்பது மட்டும் நடைமுறையை மாற்றுவதில்லை. வீணாகும் நீருக்கு ஒரு விலை ஏற்படும்போதே அவ்வறிவு பயன்பாட்டுக்கு வருகிறது.

கலிபோர்னியா ஒரு வறண்ட ஏரியையும் நெடிய வழக்கொன்றையும் கடந்து இதனைக் கற்றது. அதே கருவிகளை இன்று வாங்கும் தமிழ்நாட்டு வீடுகள் அப்பாதையை முழுதும் நடந்து பார்க்க வேண்டியதில்லை. அழுத்தம், மண், நீரின் தன்மை, செடியின் தேவை ஆகிய நான்கையும் முதலில் அளந்து, அவற்றிற்குப் பொருந்தும் தெளிப்பானைக் கடைசியில் தேர்ந்தெடுப்பதே இவ்வரலாறு காட்டும் வரிசைமுறையாகும். தெளிப்பான், சொட்டுநீர் ஆகியவற்றின் வரவு தமிழகத்தில் எழுப்பிய கலைச்சொற்களும் நடைமுறை மாற்றங்களும் தனி ஆய்வுக்குரியன.